நாயின் தோல் கட்டியும் நம் வயிற்றுக் கட்டியும்: ‘கிட்’ என்ற ஒரு அடையாளத்தின் கதை (நீண்ட திரெட்)

நாய் வளர்க்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். குளிப்பாட்டும்போது கையில் ஒரு உருண்டை தட்டுப்படும். இன்னைக்குப் பெரிசா இருக்கும், நாலு நாள் கழிச்சுப் பாதியா சுருங்கியிருக்கும். தேய்ச்சா சிவந்து வீங்கும். ‘கொழுப்புக் கட்டியா இருக்கும், விடு’ என்று விட்டுவிடுவோம். பல நேரம் அது கொழுப்புக் கட்டிதான். சில நேரம் மாஸ்ட் செல் கட்டி. நாய்களுக்குத் தோலில் வரும் கட்டிகளில் 16 முதல் 21 சதவீதம் இந்த வகை என்று பாடநூல்கள் சொல்கின்றன. பாக்ஸர், லாப்ரடார், பக் (நம்ம ஊர்ல இன்னும் ‘ஹட்ச் நாய்’னு சொன்னாதான் புரியும்) இனங்களில் கூடுதல்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனுஷங்களைப் பார்க்கிற எம்பிபிஎஸ். எனக்கு இதில் என்ன வேலை?

வயிற்றில், குடலில் ஜிஸ்ட் என்ற ஒரு வகைக் கட்டி வரும். அதன் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘சிடி117 பாசிட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். ரிப்போர்ட்டை வாங்கினதும் நோயாளியோட பையனோ பொண்ணோ போனில் தேடிப் பார்த்துட்டு வந்து கேட்பாங்க: ‘டாக்டர், இது ஸ்டெம் செல் மார்க்கராமே? அப்ப அப்பாவுக்கு ஸ்டெம் செல் கேன்சரா? ஸ்டெம் செல் சிகிச்சை பண்ணலாமா?’ நியாயமான கேள்வி. ஆனா பதில் ஒரு வரியில் வராது. அந்தப் பதில் எலி, பூனை, நாய் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. அதனால்தான் இந்த திரெட்.

1878. ஜெர்மனியின் லைப்சிக். பால் எர்லிக் என்ற 24 வயது மருத்துவ மாணவர் தன் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். துணிக்குச் சாயம் போடுவதற்காக அங்கே புதிது புதிதாக வந்துகொண்டிருந்த அனிலின் சாயங்களை உடல் திசுக்களின் மேல் ஊற்றிப் பார்த்தது அவருடைய வேலை. தோலுக்கு அடியிலிருக்கும் திசுவில் சில செல்கள் மட்டும் விநோதமாக நடந்துகொண்டன. நீலச் சாயம் போட்டால் அவற்றின் உள்ளே இருக்கும் குருணைகள் ஊதா கலந்த சிவப்பாக மாறின. வயிறு முட்டத் தின்று கொழுத்த செல் என்று அவர் நினைத்தார். ஆடு மாடுகளைக் கொழுக்க வைக்கும் தீனிக்கு ஜெர்மனில் ‘மாஸ்ட்’ என்று பெயர். அப்படித்தான் மாஸ்ட் செல் ஆனது.

யூகம் தப்பு, பெயர் மட்டும் நின்றுவிட்டது. குருணைகளில் இருப்பது தீனி இல்லை, ஹிஸ்டமின், ஹெப்பாரின் போன்ற ரசாயனங்கள். கொசு கடிச்ச இடம் தடிக்கிறதும், ஒவ்வாமையில் உடம்பெல்லாம் அரிக்கிறதும் இந்தச் செல் குருணைகளைக் கொட்டுவதால்தான். அந்த நாயின் கட்டி தேய்த்தால் வீங்குவதும் அதனால்தான். இன்னொரு விஷயம்: ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைத் தூண்டும். கட்டி இருப்பது தோலில், நாய் வாந்தி எடுப்பதும் கறுப்பாக மலம் கழிப்பதும் வயிற்றுப் புண்ணால். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு வீட்டில் யாருக்கும் தோணாது.

எர்லிக்கிடமிருந்து எண்பது வருடம் தாண்டி டொராண்டோவுக்கு வருவோம். ஜேம்ஸ் டில் இயற்பியல் படித்தவர். எர்னஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். கதிர்வீச்சால் எலிகளின் எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினார்கள். சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தால் மண்ணீரலில் சின்னச் சின்ன மேடுகள். எத்தனை செல் ஏற்றினார்களோ அதற்கு ஏற்ற கணக்கில் மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்று பிறகு நிரூபித்தார்கள். ரத்தத்துக்கு ஸ்டெம் செல் என்று ஒன்று உண்டு என்பது அதுவரை ஊகம். 1961இல் அது எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளானது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். அவர்கள் ஸ்டெம் செல்லைக் கண்ணால் பார்க்கவில்லை. அது செய்த வேலையைப் பார்த்தார்கள். அதன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே அது இருக்கிறது என்று காட்டினார்கள்.

இப்போது ஒரு விநோத எலி. ‘டபிள்யூ’ என்ற மரபணுக் கோளாறு உள்ள எலிகளுக்கு மூன்று குறைகள் ஒன்றாக வரும். உடம்பில் வெள்ளைத் திட்டு, ரத்தசோகை, மலட்டுத்தன்மை. தோல் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் குழந்தைப்பேறுக்கும் என்ன சம்பந்தம்? ‘ஸ்டீல்’ என்ற இன்னொரு எலி வகைக்கும் அச்சு அசலாக இதே மூன்று குறைகள், ஆனால் கோளாறு வேறொரு மரபணுவில்.

டொராண்டோ குழு 1964-65இல் இரண்டையும் சோதித்தது. டபிள்யூ எலியின் மஜ்ஜையை வேறு எலிக்கு ஏற்றினால் மண்ணீரலில் மேடு எழும்பவில்லை. ஸ்டீல் எலியின் மஜ்ஜையோ நன்றாக வேலை செய்தது, ஆனால் ஸ்டீல் எலியின் உடம்புக்குள் நல்ல மஜ்ஜையை ஏற்றினாலும் அது தழைக்கவில்லை. விவசாய வீட்டில் பிறந்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டபிள்யூவில் விதை கோளாறு, ஸ்டீலில் மண் கோளாறு.

இந்த எலியை ஜப்பானின் ஒசாகாவில் யுகிஹிகோ கிடமுரா கையில் எடுத்தார். மாஸ்ட் செல் எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய கேள்வி. தோலிலேயே பிறந்து தோலிலேயே வாழ்வது என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1977இல், குருணைகள் பூதாகரமாக இருக்கும் ஒரு வகை எலியின் மஜ்ஜையைச் சாதாரண எலிக்கு மாற்றினார். சாதாரண எலியின் திசுக்களில் பூதக் குருணை கொண்ட மாஸ்ட் செல்கள் முளைத்தன. அடுத்த வருடம் இன்னொன்றும் காட்டினார்: டபிள்யூ எலிகளுக்கு மாஸ்ட் செல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நல்ல மஜ்ஜை ஏற்றினால் வந்துவிடுகிறது. ஆக, தோலில் வாழும் மாஸ்ட் செல்லின் பிறந்த வீடு எலும்பு மஜ்ஜை. டபிள்யூ எலியின் குறைப் பட்டியலில் நான்காவது சேர்ந்தது.

சரி, அந்த ‘டபிள்யூ’ மரபணு எது? விடை ஒரு பூனையிடம் இருந்தது. 1986இல் பீட்டர் பெஸ்மர் குழு, பூனைக்குச் சதைப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தபோது, அது பூனையிடமிருந்தே திருடிக்கொண்ட ஒரு மரபணுவைக் கண்டது. அதற்கு ‘கிட்’ என்று பெயர் வைத்தார்கள். 1988இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன: எலியின் டபிள்யூவும் பூனை வைரஸின் கிட்டும் ஒன்றே. 1990இல் ஸ்டீலின் முடிச்சும் அவிழ்ந்தது. கிட் ஒரு வாய் என்றால், ஸ்டீல் மரபணு தயாரிப்பது அந்த வாய்க்கு ஊட்டும் சோறு. ஒரே நேரத்தில் பல குழுக்கள் கண்டதால் அந்தச் சோற்றுக்கு ஆளுக்கொரு பெயர்: ஸ்டெம் செல் ஃபேக்டர், மாஸ்ட் செல் வளர்ச்சிக் காரணி, ஸ்டீல் ஃபேக்டர். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல ஒரு பேரு மாதிரி.

மூன்று குறைகளின் புதிரும் இதோடு தீர்ந்தது. நிறச் செல், இனச் செல், ரத்த ஸ்டெம் செல், மாஸ்ட் செல் எல்லாமே அந்த வாயால் சாப்பிடுகிறவை. 1992இல் குமாமோட்டோவில் ஐந்தாவது ஆளும் சேர்ந்தது: குடலை அசைய வைக்கும் தாளக்கார செல்கள், காஹால் செல்கள். இந்த ஐந்தாவது ஆளை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதற்கிடையில் செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை ஆன்டிபாடியால் பிடித்து, நம்பர் போடும் வழக்கம் வந்துவிட்டது. 1982இல் பாரிஸில் கூடிய முதல் பட்டறையில் தொடங்கியது அது. சிடி என்ற முன்னொட்டு, அதன் பிறகு ஒரு எண். ரத்த ஸ்டெம் செல்லைப் பிடிக்க முதலில் பேர் வாங்கியது சிடி34, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் சிவின் 1984இல் கண்டது. கிட்டுக்குக் கிடைத்த எண் 117. எலியின் ரத்த ஸ்டெம் செல் மேல் கிட் இருக்கிறது என்று உறுதியானதும் அதற்கு ‘ஸ்டெம் செல் மார்க்கர்’ பட்டம் வந்தது. கூகிள்ல அந்தப் பையன் பார்த்தது இந்தப் பட்டத்தைத்தான்.

ஆனால் பாருங்க, ரத்த செல்கள் முதிர முதிர கிட்டைக் கழற்றிப் போட்டுவிடும். மாஸ்ட் செல் மட்டும் கடைசி வரை கழற்றாது. முழுக்க முதிர்ந்து, தோலில் உட்கார்ந்து, ஹிஸ்டமின் கொட்டும் வயதிலும் அதன் மேல் கிட் இருக்கும். வேரில் இருக்கும் அடையாளம் இலையிலும் இருக்கிறது. ஆக, சிடி117 பாசிட்டிவ் என்றால் ‘இந்தச் செல்லுக்கு அந்த வாய் இருக்கு’ என்று மட்டும்தான் அர்த்தம்.

இப்போது நாய். 1999. அமெரிக்காவில் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் செரில் லண்டனும் அவர் குழுவும் நாய்களின் மாஸ்ட் செல் கட்டிகளில் கிட் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். சில கட்டிகளில் ஒரு சிறு பகுதி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, டைப் அடிக்கும்போது ஒரு சொல் இரட்டித்த மாதிரி. அது இருந்த இடம்தான் முக்கியம். செல் சவ்வுக்குச் சற்று உள்ளே, கிட்டைச் சும்மா இருக்க வைக்கும் தாழ்ப்பாள் போன்ற பகுதி. அங்கே எழுத்து இரட்டித்தால் தாழ்ப்பாள் விழாது. சோறு வராமலேயே வாய் மென்றுகொண்டிருக்கும், செல் பெருகிக்கொண்டேயிருக்கும். எல்லாக் கட்டியிலும் இந்தப் பிழை இல்லை. தீவிரமான வகைகளில் அதிகம்.

எது தீவிரம் என்று எப்படிச் சொல்வது? 1984இல் பட்நாயக் குழு 83 நாய்களின் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து மூன்று தரமாகப் பிரித்தது. பல்லாண்டுகள் அதுதான் அளவுகோல். நடுத்தரத்தில்தான் சிக்கல். பெரும்பாலான கட்டிகள் அங்கே போய் விழுந்துவிடும், டாக்டருக்கும் குழப்பம், நாய்க்காரருக்கும் குழப்பம். 2004இல் மிச்சிகனில் கியூபெல் குழு கிட் எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தது. சாதாரண மாஸ்ட் செல்லில் அது ஓரத்தில், சவ்வில் இருக்கும். மோசமான கட்டிகளில் செல்லுக்குள்ளே புகுந்து சிதறிக் கிடக்கும். என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையில் அழகான இடம் இதுதான். மார்க்கர் இருக்கா இல்லையா என்பதைவிட, அது எங்கே நிற்கிறது என்பது நோயாளியின் தலைவிதியை அதிகம் சொல்கிறது.

மனிதர் பக்கம் திரும்புவோம். மாஸ்ட் செல் நோய் மனிதருக்கும் வரும், ஆனால் பெரியவர்களுக்கு வரும் வகையில் கிட்டின் பிழை பொதுவாக வேறு இடத்தில் இருக்கும். நாயின் தோல் கட்டியில் பார்த்த அதே தாழ்ப்பாள் பிழை மனிதரிடம் எங்கே இருந்தது தெரியுமா? குடலில். 1998இல், அதே ஒசாகாவில், அதே கிடமுராவின் குழுவைச் சேர்ந்த ஹிரோட்டா ஜிஸ்ட் கட்டிகளில் அதைக் கண்டார். அதுவரை ஜிஸ்ட்டைத் தசைக் கட்டி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அது நம்ம ஐந்தாவது ஆளான காஹால் செல்லின் உறவுக்காரக் கட்டி. ரிப்போர்ட்டில் ‘சிடி117 பாசிட்டிவ்’ என்ற வரி வர ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

2000இல் ஹெல்சின்கியில், எல்லா சிகிச்சையும் தோற்றுப்போன ஒரு ஜிஸ்ட் நோயாளிக்கு இமாட்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுக்காக உருவான மாத்திரை, ஆனால் கிட்டின் வாயையும் அடைக்கும். கட்டி சுருங்கியது. 2002இல் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு அனுமதி.

நாய்களுக்கும் அதே வழி திறந்தது. 2003இல் லண்டன் குழு 57 நாய்களில் ஒரு கிட் தடுப்பானின் முதல் கட்டச் சோதனை முடிவை வெளியிட்டது. இவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நாய்கள் இல்லை. யாரோ ஒருத்தர் வீட்டு நாய்கள், தானாக வந்த புற்று, சிகிச்சைக்காகக் கொண்டுவரப்பட்டவை. அந்த மருந்தின் நெருங்கிய உறவான சுனிட்டினிப் 2006இல் மனிதருக்கு வந்தது. நாய்க்கான மருந்து டோசெரானிப் என்ற பெயரில் 2009இல் வந்தது. நாயின் புற்றுநோய்க்கென்றே உருவாக்கி அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

‘நாய்கள் மனிதரைக் காப்பாற்றின’ என்று எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேதியைப் பாருங்க. குடல் கட்டியில் பிழை கண்டது 1998, நாயில் 1999. யாரும் யாரையும் காப்பாற்றக் கிளம்பவில்லை. இரண்டு வாய்க்கால் பக்கத்துப் பக்கத்தில் ஓடியது, அங்கங்கே கரை உடைஞ்சு தண்ணி கலந்தது, அவ்வளவுதான்.

இமாட்டினிப் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு. இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போன வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கம்பெனி தோற்றது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் என்று அன்று பேசப்பட்ட மருந்து, ஜெனரிக்காக 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. ஜிஸ்ட் நோயாளிக்கு ‘மாத்திரையை விடாதீங்க’ என்று என்னால் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு அறிவியல் பாதிக் காரணம், அந்தத் தீர்ப்பு பாதிக் காரணம்.

ஏன் விடக்கூடாது? இங்கேதான் ஸ்டெம் செல் உண்மையிலேயே உள்ளே வருது. இமாட்டினிப்பால் ரத்தப் புற்றின் பெருவாரியான செல்கள் அடங்கினாலும், தூங்கிக்கொண்டிருக்கும் மூல செல்கள் சாவதில்லை என்று 2002இல் கிளாஸ்கோ ஆய்வு காட்டியது. ஜிஸ்ட்டிலும் கட்டி நன்றாக அடங்கியிருக்கும் நிலையில் மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வளர்கிறது. கோரையை வெட்டினா போகுமா, கிழங்கு உள்ள இருக்கே.

அந்தக் கிழங்கை மார்க்கர் வைத்துப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கைதான் 1994க்குப் பிறகு பெரிய ஓட்டமானது. டொராண்டோவில் ஜான் டிக், ரத்தப் புற்றில் சிடி34 உள்ள, சிடி38 இல்லாத அரிய செல்களே எலியில் நோயை மீண்டும் உண்டாக்குகின்றன என்றார். 2003இல் மார்பகப் புற்றில் சிடி44, அடுத்த வருடம் மூளைக் கட்டியில் சிடி133. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண்.

தோலுக்கு வந்தபோது வண்டி கவிழ்ந்தது. மெலனோமா என்ற கறுப்புத் தோல் புற்றில் பத்து லட்சத்தில் ஒரு செல்தான் எலியில் கட்டியை உண்டாக்கும் என்று பழைய முறை சொன்னது. 2008இல் மிச்சிகனில் ஷான் மாரிசன் குழு, எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலியைப் பயன்படுத்தி, சோதனை முறையையும் மாற்றியது. ஏறக்குறைய நான்கில் ஒரு செல் கட்டியை உண்டாக்கியது! செல் அதேதான், எலிதான் வேறு. ‘அரிய ஸ்டெம் செல்’ என்று நினைத்ததில் ஒரு பங்கு, பழைய எலியின் உடம்பு மனித செல்லை விரட்டியதன் விளைவு. மறுபடியும் விதை, மண் கதைதான். மண்ணை மாற்றாமல் விதையை எண்ணினால் கணக்கு தப்பும். இந்த ஆய்வால் ரத்தப் புற்றின் ஸ்டெம் செல் கருத்து செத்துப்போகவில்லை. எல்லாப் புற்றுக்கும் ஒரே சட்டையைப் போட முடியாது என்பது மட்டும் தெளிவானது.

நாயின் தோலில் வேறு சில கட்டிகளும் உண்டு, முடிக்கால்களிலிருந்து கிளம்புபவை. 1990இல் காட்சரெலிஸ் குழு, எலியின் முடிக்காலில் நடுவே புடைப்பாக இருக்கும் ஒரு பகுதியில்தான் மெதுவாகப் பிரியும் ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன என்று காட்டியது. முடி உதிர்ந்து மறுபடி முளைப்பது அங்கிருந்துதான். கெரட்டின் 15 என்ற புரதம் அந்த வீட்டின் அடையாளம். நாய்க்கும் அதே இடத்தில் அதே மாதிரி செல்கள் இருப்பதை 2010இல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. 2013இல் இத்தாலியக் குழு ஒன்று நாய்களின் தோல், முடிக்கால் கட்டிகளில் கெரட்டின் 15, நெஸ்டின் என்ற இரண்டையும் சாயமிட்டுத் தேடியது. ஒரு கட்டி எந்த வகை, எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று துப்புத் துலக்க இது உதவும். கட்டிக்குள் எந்தச் செல் கிழங்கு என்று இது மட்டுமே சொல்லிவிடாது.

ஆக, அந்தப் பையனுக்கான பதில்: இல்லை தம்பி, அப்பாவுக்கு வந்தது ‘ஸ்டெம் செல் கேன்சர்’ இல்லை. 117 என்பது அந்தக் கட்டியின் வாய், அந்த வாயை அடைக்க மாத்திரை இருக்கு, அது நல்ல செய்தி. ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று போர்டு வச்சு லட்சக்கணக்கில் கேட்கிற இடத்துக்குப் போகாதீங்க. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடக்கணும். அதுக்குக் காசு வாங்கவும் கூடாது.

ஒரு கிளைக்கதை, விட மனசில்லை. சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளம் தெரியுமில்லையா? 1947இல் பெரன்பிளம், ஷூபிக் இருவரும் எலித் தோலில் ஒரே ஒரு முறை புற்று ரசாயனத்தைத் தடவினார்கள். பல மாதம் கழித்து நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவ, கட்டிகள் முளைத்தன. தோலின் மேற்பகுதி சில வாரங்களில் மொத்தமாக உதிர்ந்து புதுசாகிவிடும். அப்படியானால் அந்த முதல் காயத்தை இத்தனை மாதம் ஞாபகம் வைத்திருந்த செல் எது? தோலில் நீண்ட நாள் வாழும் மூல செல் இருந்தே ஆகவேண்டும் என்பதற்கு அது ஆரம்பகாலத் தடயம். எந்த மார்க்கரும் இல்லாமல், ஒரு எண்ணெயை வைத்துக் கிடைத்த தடயம்.

அந்த நேர்வாள ரசாயனத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மரத்தின் விதையில் இருக்கிறது. டிகிலனால் டிக்லேட் என்று பெயர். 2020இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. எதற்குத் தெரியுமா? நாயின் மாஸ்ட் செல் கட்டிக்குள் நேராகப் போடும் ஊசியாக. ஒரு ஊசிக்குப் பிறகு 28ஆம் நாளில் 75 சதவீத நாய்களில் கட்டி முழுக்க மறைந்திருந்தது. இதைப் படிச்சுட்டு வீட்டுல யாரும் நாய்க்கு நேர்வாளம் அரைச்சுப் பூசாதீங்க, தயவுசெஞ்சு. அது விஷம்.

கமென்ட்ல நாய்க் கட்டி போட்டோ போட்டு ‘இது என்ன டாக்டர்’னு கேட்டா எனக்கும் தெரியாது. போட்டோ பார்த்து யாராலும் சொல்லவும் முடியாது. பக்கத்திலிருக்கிற கால்நடை மருத்துவரிடம் போங்க, சென்னைன்னா வேப்பேரி. மெல்லிய ஊசியில் கொஞ்சம் செல் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டுப் பார்ப்பாங்க. பெரும்பாலான மாஸ்ட் செல் கட்டிகளில் எர்லிக் பார்த்த அந்த ஊதாக் குருணை அங்கேயே தெரிஞ்சுடும்.